ஓடுகிறவன் பைக்கு யார் காவல்?

நெஞ்சில் நம்பர் உண்டு, பையில் இல்லை!

நாமகிரிப்பேட்டையில் விடியற்காலை பஸ் ஏறும் கூட்டத்தில் சில வாலிபர்களைப் பார்த்த உடனே அடையாளம் சொல்லிவிடலாம். ஒட்ட வெட்டிய தலைமுடி. அரைக்கால் சட்டைக்கு மேல் ஒரு பேண்ட். காலில் தேய்ந்த ஷூ. மடியில் ஒரு பை. பஸ்சில் தூங்கி வழிந்தாலும் அந்தப் பையை மட்டும் கையில் இருந்து விடமாட்டார்கள்.

போலீஸ் வேலைக்கு ஓடப் போகிறவர்கள் அவர்கள்.

இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டர் தூரத்தை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர். அதற்கு 2 நிமிடம் 30 வினாடி. ஒரு வினாடி பிந்தினாலும் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். இந்த 7 நிமிடத்துக்காக மாதக்கணக்கில் இருட்டோடு எழுந்து ஓடிப் பழகியவர்கள் இவர்கள்.

சரி, ஓடுகிற அந்த 7 நிமிடமும் பை எங்கே இருக்கிறது? யார் கையில் இருக்கிறது?

இதைப் பற்றி அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுப்பது இல்லை.

பையில் என்ன?

அந்தப் பையைத் திறந்து பார்த்தால் ஒரு குடும்பத்தின் பத்து வருட உழைப்பு உள்ளே இருக்கும். 10-ம் வகுப்பு, பிளஸ்-2 மதிப்பெண் பட்டியல்கள். ஜாதிச் சான்று. அழைப்புக் கடிதம். ஆதார் அட்டை. பர்ஸ். ஊர் திரும்புவதற்கு வைத்திருக்கும் பஸ் காசு. கட்டுச்சோறு.

உடல்திறன் தேர்வை ஒட்டியே அசல் சான்றிதழ்களைச் சரிபார்ப்பதும் உண்டு. அதனால் "ஜெராக்ஸ் போதும்" என்று அசலை வீட்டில் வைத்துவிட்டு வர முடியாது. மைதானத்துக்குள் செல்போன் கொண்டுவரக் கூடாது என்றும் முன்கூட்டியே அறிவித்துவிடுகிறார்கள். ஆகவே செல்போனும் எங்காவது வெளியில்தான் கிடந்தாக வேண்டும்.

இது போலீஸ் தேர்வோடு முடிகிற கதை இல்லை. அறிஞர் அண்ணா பிறந்த நாளையொட்டி 2023-ம் ஆண்டு மாவட்டந்தோறும் நீண்டதூர ஓட்டப் போட்டி நடந்தது. 17 முதல் 25 வயது வரை உள்ள ஆண்களுக்கு 8 கிலோ மீட்டர், பெண்களுக்கு 5 கிலோ மீட்டர். முதல் பரிசு 5 ஆயிரம் ரூபாய். பத்தாவதாக வந்தவருக்குக்கூட ஆயிரம் ரூபாய் கிடைத்தது. வயதுச் சான்று, ஆதார், வங்கி பாஸ் புத்தகம் ஆகியவற்றோடு வரவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

பாஸ் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு 8 கிலோ மீட்டர் ஓட முடியுமா?

அதே 2023-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதி சென்னையில் நடந்த கலைஞர் நூற்றாண்டு மாரத்தானில் 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்டார்கள். அது கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் ஏறியது. ஓட்டம் என்பது இன்று பள்ளிக்கூட மைதானத்தில் பத்துப் பையன்கள் ஓடுகிற விஷயம் இல்லை. கிளார்க் ஓடுகிறார். கடைக்காரர் ஓடுகிறார். பேரன் பேத்தி எடுத்தவர்களும் ஓடுகிறார்கள். எல்லோருக்கும் ஒரு பை இருக்கிறது.

"மாப்ளே, பாத்துக்கடா!"

ஊர்ப் பக்கம் இதற்கு என்ன வழி வைத்திருக்கிறார்கள்?

முதல் வழி, கூட வந்த நண்பன். "மாப்ளே, இதக் கொஞ்சம் பாத்துக்கடா, வந்தர்றேன்" என்று பையைக் கையில் திணித்துவிட்டு ஓடுவது. நண்பன் நல்லவன்தான். ஆனால் அடுத்த அணியில் அவன் பெயரையே கூப்பிட்டுவிட்டால்? அவன் இரண்டு பைகளையும் பக்கத்தில் நிற்கும் முகம் தெரியாத ஒருவரிடம் கொடுத்துவிட்டு ஓடுவான்.

இரண்டாவது வழி, டீக்கடை. "அண்ணா, ஒரு டீ போடுங்க. அப்படியே இந்தப் பையை உள்ள வச்சிக்கறீங்களா?" கடைக்காரர் தலையை ஆட்டுவார். காலை நேர வியாபாரத்தில் எந்தப் பை யாருடையது என்று அவர் எப்படி ஞாபகம் வைத்துக்கொள்வார்? வந்து கேட்கிறவர் காட்டும் பையை எடுத்துக் கொடுப்பார். அவ்வளவுதான்.

மூன்றாவது வழி, மோட்டார் சைக்கிள் பெட்டி. நான்காவது வழி, வேப்ப மரத்தடி. பத்துப் பைகளை ஒன்றாகக் குவித்துவிட்டு ஆண்டவன்மேல் பாரத்தைப் போட்டுவிட்டுப் போவது.

திருடன்தான் பையைத் தூக்குவான் என்று நினைக்க வேண்டாம். ஒரே ஜவுளிக்கடையின் கட்டைப்பையைப் பத்துப் பேர் வைத்திருப்பார்கள். பள்ளியில் கொடுத்த பை ஒரே நிறத்தில் இருபது பேர் முதுகில் தொங்கும். மூச்சு வாங்க, கண் இருட்ட ஓடி வந்தவன் அவசரத்தில் எதையாவது எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவான். பாதி வழியில் திறந்து பார்த்தால் வேறு ஒருவன் மார்க் ஷீட் இருக்கும்!

அவனும் பாவம். இவனும் பாவம்.

மஞ்சள் மூட்டைக்கு உள்ள மரியாதை

நாதஸ்வர வித்வான் நாமகிரிப்பேட்டை கிருஷ்ணனால் நாடெங்கும் பெயர் பெற்ற ஊர் இது. இன்னொரு பெயர் மஞ்சளால் வந்தது. இங்கே மஞ்சள் ஏலத்தைப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். விரலி, உருண்டை, பனங்காளி என்று தனித்தனியாகப் பிரித்து மூட்டைகளை அடுக்கியிருப்பார்கள். மூட்டை எந்த விவசாயியுடையது, எத்தனை மூட்டை, என்ன எடை என்பதற்குக் கணக்கு உண்டு. ஒரு மூட்டை இடம் மாறினாலும் சண்டை வந்துவிடும்.

பிறகு அந்த மூட்டை லாரி ஏறுகிறது. லாரிக்குப் பேர்போன நாமக்கல் மாவட்டத்தில் எல்.ஆர். என்றால் என்ன என்று சின்னப் பையனுக்கும் தெரியும். சரக்கைப் போட்டவர் கையில் ஒரு சீட்டு. அதில் நம்பர் இருக்கும். எத்தனை உருப்படி என்று இருக்கும். சரக்கு போய்ச் சேர்ந்த ஊரில் அந்த எல்.ஆரைக் காட்டினால்தான் மூட்டையை இறக்கிக் கொடுப்பார்கள். "நான்தான் சொந்தக்காரன், என் முகத்தைப் பாருங்க" என்றால் நடக்காது.

ரெயில் நிலையத்தில் பொருள் காப்பறையும் இதே மாதிரிதான். பூட்டாத பெட்டியை அங்கே வாங்க மாட்டார்கள். ரசீது இல்லாமல் திருப்பித் தரமாட்டார்கள். சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் உண்டு. கோவில் வாசலில் செருப்புக்குக்கூட டோக்கன் உண்டு.

மஞ்சளுக்கு உண்டு. செருப்புக்கு உண்டு. வாழ்க்கையையே பையில் போட்டுக்கொண்டு ஓட வருகிற வாலிபனுக்கு மட்டும் இல்லையா?

பாஸ்டனில் ஒரு பகல்

இந்தப் பை விவகாரம் எவ்வளவு பெரியது என்பதை உலகத்துக்குக் காட்டியது ஒரு பயங்கர சம்பவம்.

அமெரிக்காவில் உள்ள பாஸ்டன் நகரில் ஆண்டுதோறும் ஏப்ரல் மாதம் மாரத்தான் ஓட்டம் நடக்கிறது. 1897-ம் ஆண்டு தொடங்கிய போட்டி அது. மொத்த தூரம் 42.195 கிலோ மீட்டர். ஹாப்கின்டன் என்ற சிறிய ஊரில் ஓட ஆரம்பித்து, பாஸ்டன் நகரின் நடுவே பாய்ல்ஸ்டன் தெருவில் வந்து முடிப்பார்கள்.

ஆரம்பிக்கிற இடம் ஒன்று, முடிகிற இடம் வேறு. நாமகிரிப்பேட்டையில் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, நாமக்கல் போய்ச் சேர்கிற மாதிரி! எனவே ஓடுகிறவர்கள் தங்கள் கம்பளிச் சட்டை, பணம், செல்போன் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு ஹாப்கின்டனில் ஒப்படைப்பார்கள். பையில் அவரவர் நம்பர் இருக்கும். பைகள் பஸ்சில் ஏறி பாஸ்டனுக்குப் போய்க் காத்திருக்கும். ஓடி முடித்தவர் நெஞ்சில் உள்ள நம்பரைக் காட்டித் தன் பையை வாங்கிக்கொள்வார்.

2013-ம் ஆண்டு ஏப்ரல் 15-ந் தேதி. திங்கட்கிழமை. பகல் 2.49 மணி. முடிவுக்கோட்டுக்குப் பக்கத்தில் பயங்கர சத்தத்துடன் ஒரு குண்டு வெடித்தது. சில வினாடிகளில் சற்றுத் தள்ளி இன்னொரு குண்டு! 3 பேர் பலியானார்கள். 260-க்கும் அதிகமானவர்கள் காயம் அடைந்தார்கள். பலருக்குக் கால் போயிற்று.

ஓட்டம் உடனே நிறுத்தப்பட்டது. அப்போது 5 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இன்னும் வழியில் ஓடிக்கொண்டிருந்தார்கள். போலீசார் அவர்களை அப்படியே நிறுத்தினார்கள். எதற்கு நிறுத்துகிறார்கள் என்று பலருக்குத் தெரியவில்லை.

அவர்கள் மேல் இருந்தது மெல்லிய பனியனும் அரைக்கால் சட்டையும். குளிர் நடுக்கியது. கம்பளிச் சட்டை பைக்குள். செல்போன் பைக்குள். பணம் பைக்குள். பைகள் இருந்த பக்கமோ போலீஸ் வளையத்தில்!

முடிவுக்கோட்டில் காத்திருந்த மனைவி உயிரோடு இருக்கிறாளா என்று கணவனுக்குத் தெரியாது. மகன் எங்கே நிற்கிறான் என்று தாய்க்குத் தெரியாது. டெலிவிஷனில் புகையையும் ரத்தத்தையும் பார்த்துவிட்டு வீட்டில் இருந்து ஓயாமல் போன் செய்தார்கள். அந்தப் போன்களை எடுக்க வேண்டியவர்கள் வேறு எங்கோ தெருவில் நின்றுகொண்டிருந்தார்கள். யாராவது போன் கொடுத்தாலும் வீட்டு நம்பர் மனப்பாடமாக இல்லாதவன் என்ன செய்வான்? போதாக்குறைக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் பேச முயன்றதால் லைனும் கிடைக்கவில்லை.

தெருவில் குடியிருந்தவர்கள் கதவைத் திறந்துகொண்டு வந்தார்கள். போர்வை கொடுத்தார்கள். சட்டை கொடுத்தார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். தங்கள் போனைக் கொடுத்து "வீட்டுக்குச் சொல்லுங்கள்" என்றார்கள். யார் எங்கே இருக்கிறார் என்று தேடிக் கண்டுபிடிப்பதற்காக கூகிள் நிறுவனம் இணையத்தில் ஒரு பக்கமே திறந்தது.

ஆயிரக்கணக்கான பைகள் பிறகு என்ன ஆயின? நம்பர் வரிசையில் அடுக்கினார்கள். மறுநாளும் சொந்தக்காரர்கள் வந்து தங்கள் பையையும் ஓட்டத்துக்கான பதக்கத்தையும் வாங்கிப் போனார்கள். அவ்வளவு பெரிய குழப்பத்துக்கு நடுவிலும் பைகள் உரியவர் கைக்குப் போனதற்குக் காரணம் ஒன்றுதான். பையில் இருந்த நம்பரும் நெஞ்சில் இருந்த நம்பரும் ஒன்று.

கண்ணாடிப் பை வந்தது

குண்டுகள் வந்ததும் பையில்தான். பிரஷர் குக்கரில் செய்த குண்டுகளை முதுகுப்பையில் வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். ஆகவே அதுவரை பொருளைப் பாதுகாக்கிற சாதனமாக இருந்த பையே சந்தேகப் பொருளாக மாறிவிட்டது.

அடுத்த ஆண்டு, 2014-ல், ஹாப்கின்டன் போகும் பஸ்சில் பை ஏற்றவே தடை. போட்டி நடத்துகிறவர்களே கொடுத்த, உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் பையில் பொருளைப் போட்டு, காலையில் பாஸ்டனிலேயே ஒப்படைத்துவிட்டுத்தான் பஸ் ஏற வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். இன்று உலகத்தின் பல ஓட்டங்களில் இந்தக் கண்ணாடிப் பைதான் வழக்கம்.

நியூயார்க்கில் கதை வேறு மாதிரி. அங்கேயும் ஆரம்பம் ஓர் இடம், முடிவு வேறு இடம். பைகளை லாரிகள் சுமந்து போகும். ஓடி முடித்த பல ஆயிரம் பேர் பூங்காவுக்குள் வரிசையாக நிற்கும் லாரிகளைத் தேடி ஊர்ந்து போக வேண்டியிருந்தது. நெரிசல் தாங்கவில்லை. 2012-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், "இனிமேல் யாருடைய பையையும் வாங்க மாட்டோம்" என்று அறிவித்தார்கள். ஓட்டக்காரர்கள் கொதித்து எழுந்தார்கள். அறிவிப்பு தளர்த்தப்பட்டது. அந்த ஆண்டு சாண்டி புயல் வந்து போட்டியே ரத்தாகிவிட்டது. 2013-ல் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பை வேண்டுமா, வேண்டாமா என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வேண்டாம் என்றவருக்குக் குளிருக்குப் போர்த்த ஓர் அங்கி கொடுத்து, சீக்கிரமாக வெளியே போகத் தனி வழி விட்டார்கள்.

லண்டனிலும் லாரிதான். எந்த நம்பருக்கு எந்த லாரி என்று எழுதி ஒட்டியிருப்பார்கள். 2021-ம் ஆண்டு கொரோனா பயம் இருந்ததால், போட்டிக்கு முந்திய நாட்களில் நம்பர் அட்டை வாங்க வரும்போதே பையையும் ஒப்படைத்துவிட வேண்டும் என்று மாற்றினார்கள். ஓட்டத்தன்று காலையில் பை வாங்கும் கூட்டமே இல்லாமல் போனது.

மூன்று ஊர். மூன்று வழி. ஆனால் மூன்று இடத்திலும் பையை என்ன செய்வது என்பதை ஓடுகிறவன் தலையில் கட்டவில்லை. நடத்துகிறவர்கள் உட்கார்ந்து யோசித்தார்கள்.

வாங்குவது சுலபம்; கொடுப்பதுதான் கஷ்டம்!

நம் ஊரில் ஒரு போட்டி நடத்துகிறவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் பேர் 10 கிலோ மீட்டர் ஓடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். காலை 4.30 மணியில் இருந்து 6 மணி வரை பை வாங்குகிறார்கள். 90 நிமிடத்தில் ஆயிரம் பை. நிமிடத்துக்கு 11 பை. நாலு பேர் இருந்தால் சமாளித்துவிடலாம்.

திருப்பிக் கொடுக்கும்போது என்ன ஆகும்? முதல் ஆள் முன்னே வருவார். கடைசி ஆள் ரொம்பப் பின்னே வருவார். ஆனால் நடுவில் இருக்கும் பெருங்கூட்டம் ஒரே மூச்சில் வந்து இறங்கும். அரை மணி நேரத்துக்குள் 800 பேர் வந்தால் நிமிடத்துக்கு 27 பேர். வாங்கியதைப் போல இரண்டரை மடங்கு வேகத்தில் கொடுக்க வேண்டும்!

வருகிறவன் எப்படி வருகிறான்? வியர்வையில் குளித்து வருகிறான். கால் நடுங்குகிறது. காது அடைக்கிறது. நம்பர் அட்டை நனைந்து கசங்கியிருக்கிறது. "பஸ்சுக்கு நேரமாச்சுங்க, சீக்கிரம் குடுங்க" என்கிறான். மேஜைக்குப் பின்னால் நிற்கும் கல்லூரி மாணவன் காலை 4 மணியில் இருந்து நிற்கிறான். அவனுக்கும் பசி.

இந்த நேரத்தில்தான் மேஜைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள் அந்தப் பக்கம் தாவுவார்கள். "அதோ, அந்தக் கறுப்புப் பை என்னுது" என்று கை நீளும். மாணவனும் எடுத்துக் கொடுத்துவிடுவான். பை போவது பெரும்பாலும் இப்படித்தான்.

இதற்கு மருந்து உண்டு. நம்பர் அட்டையின் அடியில் கிழித்து எடுக்கும்படி ஒரு துண்டு இருக்க வேண்டும். அதே நம்பர் அதிலும் இருக்க வேண்டும். வாங்கும்போது அதைக் கிழித்துப் பையின் காதில் கட்டிவிட வேண்டும். பையைக் குவிக்கக் கூடாது. நூறு நூறாகக் கயிறு கட்டிப் பிரித்து வரிசையாக வைக்க வேண்டும். 1 முதல் 100 வரை ஒரு மேஜை, 101 முதல் 200 வரை இன்னொரு மேஜை. ஓடி வருகிறவன் தூரத்தில் இருந்தே படிக்கும்படி பெரிய எழுத்தில் போர்டு. வாங்குகிற பக்கம் ஒரு வழி, வெளியே போகிற பக்கம் வேறு வழி. மேஜையைத் தாண்டி எவரும் உள்ளே வரக் கூடாது. நம்பர் அட்டை தொலைந்துபோனால், பையில் என்ன இருக்கிறது என்று கேட்டு, அடையாள அட்டையைப் பார்த்து, நோட்டில் கையெழுத்து வாங்கிய பிறகே கொடுக்க வேண்டும்.

இதற்கு என்ன செலவு? காகிதம், நூல், கயிறு, தார்ப்பாய், ஒரு நோட்டு, பத்து என்.எஸ்.எஸ். மாணவர்கள். அவர்களுக்குக் காலை டிபன். ஓட்டத்துக்கு வைக்கும் ஒரு பிளெக்ஸ் போர்டைக் குறைத்துக்கொண்டால் போதும்.

போலீஸ் தேர்வு மாதிரி ஓட்டங்களில் வேலை இன்னும் சுலபம். ஓடுகிற ஒவ்வொருவன் நெஞ்சிலும் ஏற்கெனவே நம்பர் இருக்கிறது. அதே நம்பரைப் பையிலும் கட்டினால் முடிந்தது காரியம்.

"பொறுப்பு அல்ல" என்றால் ஆயிற்றா?

"பொருள்கள் தொலைந்தால் நிர்வாகம் பொறுப்பு அல்ல." இந்த வரி இல்லாத போட்டி நோட்டீஸ் அபூர்வம். சைக்கிள் ஸ்டாண்டில் இருந்து காப்பியடித்த வரி இது. இதை எழுதிவிட்டால் தப்பித்துவிடலாமா?

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151-வது பிரிவு என்ன சொல்கிறது? ஒருவருடைய பொருளைப் பாதுகாக்கக் கையில் வாங்கிக்கொண்டவர், சாதாரண அறிவுள்ள மனிதன் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வானோ அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டெல்லியில் ஒரு வழக்கு. 1998-ம் ஆண்டு ஒருவர் நட்சத்திர ஓட்டலுக்குக் காரில் போனார். சாவியை ஓட்டல் ஊழியரிடம் கொடுத்தார். திரும்பி வந்தபோது கார் இல்லை. வேறு யாரோ சாவியை எடுத்துக் காரை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். "சொந்தக்காரர் பொறுப்பில்தான் நிறுத்துகிறீர்கள் என்று டோக்கனில் அச்சடித்திருக்கிறோமே" என்றது ஓட்டல். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 2019-ம் ஆண்டு நவம்பர் 14-ந் தேதி தீர்ப்பு வந்தது. காரை ஒப்படைத்த பிறகு, சரியாகப் பாதுகாத்தோம் என்று முதலில் ஓட்டல்தான் நிரூபிக்க வேண்டும். கவனக் குறைவாக இருந்துவிட்டு டோக்கனில் உள்ள வரியைக் காட்டித் தப்ப முடியாது என்று நீதிபதிகள் கூறிவிட்டார்கள்.

காருக்குச் சொன்னது பைக்குப் பொருந்தாதா?

ஆனால் இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பொருளைக் கையில் வாங்கினால்தான் பொறுப்பு வரும். "அந்த மரத்தடியில வச்சிட்டுப் போப்பா" என்று கை காட்டிவிட்டால் யாரும் வாங்கவில்லை. யாருக்கும் பொறுப்பு இல்லை. சில இடங்களில் பை வாங்கும் மேஜையே போடாததற்குக் காரணம் மறதியா, இந்தச் சூட்சுமமா என்பது நடத்துகிறவர்களுக்குத்தான் வெளிச்சம்.

பையைத் தூக்குகிறவனுக்கும் சட்டம் உண்டு. 2024-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-வது பிரிவுப்படி திருட்டுக்கு 3 ஆண்டு வரை ஜெயில். நம்பி ஒப்படைத்த பொருளை அமுக்கினால் 316-வது பிரிவுப்படி 5 ஆண்டு வரை உள்ளே இருக்க வேண்டி வரும்.

ஆள் உள்ளே போவான். சான்றிதழ் திரும்பி வருமா?

தொலைந்தால் அலைச்சல்

பை போனால் முதலில் போலீஸ். தொலைந்த சான்றிதழுக்குத் தமிழ்நாடு போலீசின் இணையதளத்தில் புகார் பதிந்து ரசீது எடுக்கும் வசதி இருக்கிறது. பிறகு படித்த பள்ளிக்கூடம். அங்கே இருந்து விண்ணப்பம் மேலே போக வேண்டும். பள்ளி, தாலுகா ஆபீஸ், இ-சேவை மையம் என்று சுற்ற வேண்டும். ஒவ்வொரு நாளும் கூலி போகும். சரிபார்ப்புக்குக் கொடுத்த தேதி யாருக்காகவும் காத்திருக்காது.

7 நிமிடத்தில் ஓடி முடித்தவன், அதற்குப் பிறகு மாதக்கணக்கில் ஆபீஸ் ஆபீசாக ஓட வேண்டும். அந்த ஓட்டத்துக்குப் பதக்கம் கிடையாது.

ஆகவே ஓடப் போகிறவர்கள் சில விஷயங்களைக் கவனத்தில் வைப்பது நல்லது.

அசல் கேட்காத போட்டிக்கு அசலைக் கொண்டு போகவே வேண்டாம். கேட்கிற இடத்துக்குக் கொண்டு போனால், மழைக் காகிதத்தில் சுற்றித் தனியாக வையுங்கள். வீட்டில் ஒரு ஜெராக்ஸ் செட் இருக்கட்டும்.

பைக்கு உள்ளே பெயர், ஊர், வீட்டு போன் நம்பர் எழுதிய காகிதம் ஒன்றைப் போடுங்கள். மாறி எடுத்துப் போனவன் நல்லவனாக இருந்தால் அதைப் பார்த்துக் கூப்பிடுவான்.

கட்டைப்பையின் காதில் சிவப்புத் துணியோ, ஊதா ரிப்பனோ கட்டுங்கள். கூட்டத்தில் தனியாகத் தெரியும்.

செல்போனை வைத்துவிட்டு ஓடுகிறவர்கள் வீட்டில் ஒருவருடைய நம்பரையாவது மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பாஸ்டனில் ஆயிரக்கணக்கானோர் படித்த பாடம் அது.

எல்லாவற்றுக்கும் மேலாக, நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து போனால், ஓடாத ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். அப்பாவோ, மாமாவோ, அக்காவோ யாராவது இருக்கட்டும். ஒருவருக்கு ஆகும் பஸ் காசு நாலு பேரின் சான்றிதழைக் காப்பாற்றும்.

ஒரு மேஜை, ஒரு நோட்டு

இதெல்லாம் ஓடுகிறவன் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் வழி. கூப்பிட்டவர்களுக்கும் கடமை இருக்கிறது.

ஊர்ப் பொங்கல் விளையாட்டோ, சங்கம் நடத்தும் மாரத்தானோ, வேலைக்கு ஆள் எடுக்கும் ஓட்டமோ, எதுவாக இருந்தாலும் தண்ணீர் வைக்கிறார்கள். ஆம்புலன்ஸ் நிறுத்துகிறார்கள். பரிசுக் கோப்பை வாங்குகிறார்கள். மைக் செட் கட்டுகிறார்கள். பட்டியலில் இன்னும் ஒரு வரி சேர்க்க வேண்டும். பை வாங்க ஒரு மேஜை, எழுத ஒரு நோட்டு, கட்ட நம்பர் துண்டு, கடைசி ஆள் ஓடி முடிக்கும் வரை எழுந்து போகாத இரண்டு பேர்.

கடைசி ஆள் வரும்போது கூட்டம் கலைந்திருக்கும். பரிசு கொடுத்து முடித்திருப்பார்கள். பந்தலைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். அவன் நெஞ்சில் உள்ள நம்பரைப் பார்த்து, "தம்பி, இந்தாப்பா உன் பை. எல்லாம் சரியா இருக்குதான்னு பாத்துக்க" என்று எடுத்துக் கொடுக்க அங்கே ஓர் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

போட்டி நடத்துகிறவர்கள் அடுத்த நோட்டீஸ் அடிக்கும்போது, "நிர்வாகம் பொறுப்பு அல்ல" என்ற வரியை எடுத்துவிட்டு, "பைகள் டோக்கன் கொடுத்துப் பாதுகாக்கப்படும்" என்று அச்சடிப்பார்களா? விடியற்காலை பஸ்சில் பையை மடியில் இறுக்கிக்கொண்டு வருகிற வாலிபர்கள் எதிர்பார்ப்பது அதைத்தான்.